திரைக்கு அந்தப் பக்கம்

இணையவழியில் கணினிப் பாடம் நடத்தப்போகும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வாருங்கள் என்று கல்லூரிகள் கூப்பிடும்போது நான் ஒரு நிபந்தனை வைக்கிறேன். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் அதற்கு முன்பே ஏதாவது ஒரு இணையவழிப் பாடத்தில் மாணவராகச் சேர்ந்து, வாராவாரம் அசைன்மென்ட் எழுதி, தேர்வு வரைக்கும் போயிருக்க வேண்டும். பாடம் அவரவர் துறைக்குச் சம்பந்தமில்லாததாக இருந்தால் நல்லது. கைப்பேசியிலேயே படித்தால் இன்னும் நல்லது. “பி.எச்டி. முடித்தவர்களைப் போய் மறுபடியும் மாணவர்களாக உட்காரச் சொல்கிறீர்களே சார்” என்று முதல்வர்கள் சிலர் தயங்குவார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. வேறு எதை விட்டாலும் இதை விட முடியாது என்பதுதான் இத்தனை வருடம் வகுப்பில் நின்ற பிறகு எனக்குக் கிடைத்த தெளிவு.

ஏன் என்று சொல்கிறேன். வகுப்பறையில் பாடம் நடத்தியவர்கள் எல்லோரிடமும் ஒரு கலை உண்டு. அதை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாயின்டரைப் பற்றிச் சொல்லும்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு பையனின் புருவம் சுருங்குகிறது. கடைசி வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவர் நோட்டை ஒருவர் எட்டிப் பார்க்கிறார்கள். உடனே நாம் நிறுத்தி, பலகையில் இரண்டு கட்டம் போட்டு, அதே விஷயத்தை வேறு மாதிரி சொல்கிறோம். முகங்கள் தெளிந்ததும் மேலே போகிறோம். நம்முடைய நல்ல வகுப்புகளில் பாதியை நடத்தியது அந்த முகங்கள்தான். இணையவழியில் அந்த முகங்கள் கிடையாது. கறுப்புக் கட்டங்களும் அதற்குள் பெயர்களும் இருக்கும். பதிவு செய்த பாடமென்றால் அதுவும் இல்லை. அப்போது ஆசிரியரிடம் மிச்சமிருப்பது, எந்த இடத்தில் புருவம் சுருங்கும் என்று முன்கூட்டியே அறிகிற அனுபவம் மட்டுமே. திரைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை உட்கார்ந்து திணறியவருக்கே அந்த அனுபவம் வரும்.

முகம் தெரியாமல் கற்பிப்பது நமக்குப் புதிதில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தின் வீடியோக்களைக் கல்லூரிகள் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து நூலகத்தில் போட்டுவைத்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். பெரிய பேராசிரியர்களின் ஒரு மணி நேர உரைகள் அவை. நானும் அவற்றில் படித்து வகுப்பெடுத்திருக்கிறேன், அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் கேமரா முன்னால் ஒரு மணி நேரம் பேசினால் அதுதான் இணையவழிக் கல்வி என்ற எண்ணமும் அப்போதே நம் மனதில் ஊன்றிவிட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஒரே வாரத்தில் எல்லோரும் ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் போக வேண்டியதாயிற்று. எந்தப் பொத்தானை அழுத்தினால் திரையைப் பகிரலாம், வருகைப்பதிவை எப்படி எடுக்கலாம், கூகுள் படிவத்தில் எப்படித் தேர்வு வைக்கலாம் என்று கல்லூரிகள் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. அந்த நேரத்தில் அது தேவைதான். அதைக் கற்றுக்கொண்டு, வீட்டுச் சமையலறை மூலையில் உட்கார்ந்து, பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு வகுப்பெடுத்த ஆசிரியைகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் வருத்தம் வேறு. அந்த நெருக்கடி முடிந்த பிறகும் பயிற்சி என்றால் பொத்தான்களைப் பற்றியது என்றே பல இடங்களில் நின்றுபோயிற்று.

இதற்கு மேலே யோசித்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். ஐ.ஐ.டி. பம்பாயில் வேதிப்பொறியியல் பேராசிரியராக இருந்த கண்ணன் மௌத்கல்யா நடத்திய ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ திட்டத்தை இளம் ஆசிரியர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் 10 நிமிடப் பாடங்களாகச் சொல்லித்தருவது அது. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். பாடத்தை ஒரு பக்கமும் மென்பொருளை இன்னொரு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் செய்வதை மாணவர் கூடவே செய்துபார்க்க வேண்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, பாடம் திரைக்கு வருவதற்கு முன்னால் நடக்கிற வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் இரண்டு பத்தியில் எழுத்துப்படி தயாராகும். ஒரு பத்தியில் திரையில் என்ன தெரிகிறது, மறு பத்தியில் குரல் என்ன சொல்கிறது. ஒலிப்பதிவுக்கு முன்பு, அந்த மென்பொருளே தெரியாத ஒருவரிடம் அந்தப் படியைக் கொடுத்து, அதை மட்டும் வைத்துக்கொண்டு செய்துபார்க்கச் சொல்வார்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே படியைத் திருத்துவார்கள். அதற்குப் பிறகுதான் பதிவு. உப்பு பார்க்காமல் பந்தியில் பரிமாறுவது போலத்தான் நம்மில் பலர் பாடத்தைப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

என் பயிற்சி வகுப்புகளில் இதை அப்படியே செய்யச் சொல்கிறேன். ஒருமுறை ஓர் இளம் உதவிப் பேராசிரியை பைத்தானில் ‘ஃபார்’ வளையத்தைப் பற்றி அருமையான எழுத்துப்படி எழுதியிருந்தார். விளக்கம் தெளிவு, உதாரணம் பொருத்தம். அதே கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிற ஒரு மாணவியை வரவழைத்து, அவர் கைப்பேசியில், நிரல் எழுதி இயக்கிப் பார்க்கும் கூகுள் கோலாபைத் திறந்து கொடுத்தோம். நிரலை எழுத்துப் பிசகாமல் அடித்தார். அடுத்த வரியில் “இப்போது இயக்கிப் பாருங்கள்” என்று இருந்தது. அந்தப் பெண் அங்கேயே நின்றுவிட்டார். கட்டத்தின் இடது ஓரத்தில் இருக்கிற சின்ன முக்கோணத்தைத் தொட வேண்டும் என்று படியில் எங்குமே இல்லை. ஆசிரியைக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். அதனால்தான் எழுதத் தோன்றவில்லை. “இது ஒரு விஷயமா சார்?” என்று கேட்டார். “நமக்கு இல்லைம்மா. ராத்திரி பத்து மணிக்கு, பக்கத்தில் கேட்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அதுதான் பாடம் முடிந்த இடம்” என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படியில் அவர் பதினைந்து இடத்துக்கு மேல் திருத்தினார். பயிற்சி என்று நான் சொல்வது இந்தத் திருத்தங்களைத்தான்.

அதே ஐ.ஐ.டி. பம்பாயில் சஹானா மூர்த்தியும் ஸ்ரீதர் ஐயரும் அவர்களுடைய குழுவினரும் கல்லூரி ஆசிரியர்களுக்காக இணையவழியிலேயே பயிற்சிப் பாடங்களை நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அதில் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். இணையவழியில் கற்பிப்பதை இணையவழியில் படித்தே கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவர்கள் வகுத்த முறையில் வீடியோ என்பது உரையாடலாக இருக்க வேண்டும். நடுவில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார். “வீடியோவை நிறுத்துங்கள், நோட்டில் உங்கள் பதிலை எழுதுங்கள், பிறகு தொடருங்கள்” என்பார். தொடரும்போது, மாணவர்கள் எழுதியிருக்கக்கூடிய பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார். தவறான பதில்களையும் மரியாதையோடு எடுத்துப் பேசுவார்.

இப்படிக் கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று 1970-களில் அளந்தார். சராசரியாக ஒரு விநாடி! மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் யோசித்ததாகவும் வந்தன, பேசாத பிள்ளைகளும் பேசின. நேரில் இருக்கும்போதே நமக்கு அந்தப் பொறுமை இல்லை. திரையில் மௌனம் இன்னும் பயமுறுத்தும். இணைப்பு போய்விட்டதோ என்று நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். நேரலை வகுப்பில் கேள்வி கேட்டால் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள் என்று நான் சொல்கிறேன். மாணவர் மைக்கைத் திறக்க வேண்டும், அல்லது அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். பதிவுப் பாடத்தில் மௌனத்தையும் எழுத்துப்படியில் எழுதிவைக்க வேண்டும்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் அவருடைய கூட்டாளிகளும் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு நிமிடத்துக்குள் இருக்கும் வீடியோக்களில்தான் கவனம் நின்றது. ஸ்டுடியோவில் ஏராளமாகச் செலவழித்து எடுத்ததைவிட, மேசையில் உட்கார்ந்து நேருக்கு நேர் பேசுகிற மாதிரி எடுத்தவை மாணவர்களை அதிகம் பிடித்து வைத்தன. அச்சடித்த ஸ்லைடைவிட, கையால் எழுதிக்கொண்டே போவது நன்றாகப் போய்ச் சேர்ந்தது. ஸ்டுடியோ கட்டப் பணமில்லை என்று கலங்கும் சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? ஒரு நல்ல மைக், சத்தமில்லாத ஓர் அறை, எழுதக் கை. போதும்.

இனி கைப்பேசி விஷயம். இதைத்தான் நான் அதிகம் பேசுவேன். 2021 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நான்கு மாதத்துக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசமாகக் கொடுத்தது. எத்தனை வீடுகளில் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. நம் மாணவர்களில் பலருக்கு இன்றைக்கும் கைப்பேசிதான் வகுப்பறை, அதுதான் ஆய்வகம். பாடமும் மென்பொருளும் பக்கத்துப் பக்கத்தில் என்ற நல்ல முறைகூட, ஆறங்குலத் திரையில் நடக்காது. வீடியோவைப் பார்த்து, மூடி, நிரல் எழுதும் இடத்துக்கு வருவதற்குள் பாதி மறந்துபோகும். ஆசிரியர் பெரிய மானிட்டரில் சின்ன எழுத்தில் நிரல் அடித்துக்கொண்டே போவார். அந்தப் பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். அதனால்தான் கைப்பேசியில் படித்துவிட்டு வாருங்கள் என்கிறேன். அப்படிப் படித்துவிட்டு வந்தவரிடம் எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அவரே செய்துவிடுகிறார்.

இன்னொன்று. ஆசிரியர் நிரலை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மாணவர் அதை நகலெடுத்து ஒட்டுவார், பிழை வரும். ஆசிரியர் கணினியில் அதே நிரல் ஓடியிருக்கும். நடந்தது என்ன? நிரலில் இருந்த நட்சத்திரக் குறிகளையும் அடிக்கோடுகளையும் வாட்ஸ்அப் தடித்த எழுத்துக்கும் சாய்ந்த எழுத்துக்கும் உரிய அடையாளமாக எடுத்துக்கொண்டு சில இடங்களில் மறைத்துவிடும். வேர்டில் தட்டச்சு செய்ததாக இருந்தால் நேரான மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாகியிருக்கும். பைத்தான் வளைந்த குறியை ஏற்காது, ‘சின்டாக்ஸ் எர்ரர்’ என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பிள்ளை தனக்குக் கணினி அறிவே இல்லை என்று முடிவு கட்டிக்கொள்ளும். எனக்கு மனம் பொறுக்காத இடம் இது. ஒரு மேற்கோள்குறியால் ஒரு பிள்ளை துறையையே விட்டுப் போக நாம் விடலாமா? நிரலைக் கோப்பாக அனுப்புங்கள், கோலாப் இணைப்பாக அனுப்புங்கள். குழுவில் வெறுமனே ஒட்டாதீர்கள்.

சிறிய திரையில் தட்டச்சு செய்யத் திணறுகிறவர்களுக்கு நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பட்ரீசியா ஹேடனும் 2006-ல் சொன்ன வழி நல்ல கைகொடுக்கும். சரியான நிரலின் வரிகளை முன்பின்னாகக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வது. விரலால் இழுத்துவைத்தால் போதும். எழுத்துப்பிழையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், மூளை முழுவதும் தர்க்கத்தில் இருக்கும். டேட்டா தீர்ந்துபோன நாளில் இதையே காகிதத்தில் எழுதிக்கூடச் செய்யலாம்.

வயதில் மூத்த ஆசிரியர்களிடம் நான் கண்ட பெரிய தடை தொழில்நுட்பம் இல்லை, பயம். வகுப்பறையில் தவறிப் பேசினால் காற்றோடு போய்விடும். பதிவில் அது நிற்கும். துறைத்தலைவர் பார்ப்பார், மாணவர்கள் மீம் போடுவார்கள். அதனால் தயாராக எழுதிவைத்த, ஒரு பிழையும் வராத நிரலை ஓட்டிக் காட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது, அதை நான் சிறுமையாக நினைக்கவில்லை. ஆனால் கணினிப் பாடத்தில் அது மாணவர்களுக்கு நஷ்டம். நிரல் எழுதுகிறவரின் நாளில் பெரும்பகுதி பிழையோடுதான் போகிறது. அதை அவர் எப்படிப் பார்க்கிறார், எங்கே தேடுகிறார் என்பதைக் காட்டாத பாடம் பாதிப் பாடம்.

ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துக் காட்டச் சொல்கிறேன். ஐந்து எண்கள் உள்ள ஒரு பட்டியல். ஐந்தாம் இடத்தில் இருப்பதை எடு என்று கேளுங்கள். பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணுவதால் ஐந்து என்ற இடம் கிடையாது. சிவப்பாக ஒரு கொத்து எழுத்து வந்து விழும். அங்கே ஆசிரியர் அவசரப்படக் கூடாது. “பயப்படாதீர்கள், கடைசி வரியை முதலில் படியுங்கள்” என்று சொல்ல வேண்டும். கடைசி வரியில் ‘இண்டெக்ஸ் எர்ரர்’ என்று பிழையின் வகை இருக்கும். அதற்கு மேலே எந்த வரியில் நடந்தது என்று இருக்கும். இடங்களைச் சுழியம், ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணிக்காட்டித் திருத்துங்கள். இந்த மூன்று நிமிடத்தை ஒழுங்காகப் பார்த்த மாணவர் அடுத்த முறை சிவப்பு எழுத்தைக் கண்டதும் கைப்பேசியை மூடிவைக்க மாட்டார்.

மாணவராக உட்கார்ந்து பார்த்த மூத்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்த ஒரு பேராசிரியர், முணுமுணுத்துக்கொண்டேதான் ஒரு புள்ளியியல் பாடத்தில் சேர்ந்தார். இரண்டாவது வாரத்தில் ஒரு சந்தேகம் கேட்டு எழுதினார். நாள்கணக்கில் பதில் வரவில்லை. “தினம் நாலு தடவை திறந்து பார்த்தேன் சார். பதில் வராத ஒவ்வொரு தடவையும் படிக்கிற ஆசை கொஞ்சம் குறைந்தது” என்று என்னிடம் சொன்னார். இப்போது அவர் தன்னுடைய பாடத்தில் சந்தேகங்களுக்குத் தினமும் மாலை ஏழரை மணிக்கு உட்கார்கிறார். அந்த நேரம் மாணவர்களுக்குத் தெரியும். பதில் தெரியாவிட்டாலும் “பார்த்தேன், நாளைக்குச் சொல்கிறேன்” என்றாவது எழுதிவிடுவார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதை எழுதியிருப்பார்கள். பட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காத கூட்டமே இப்போது இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து அசைன்மென்ட்டுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: மாணவர் அனுப்பிய நிரலில் ஒரு வரியைத் தொட்டு, “இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டு, இரண்டு நிமிடக் குரல்பதிவாகப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். புரிந்தவர் யார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். அதற்கு ஆசிரியர் ஒவ்வொரு குரலையும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் நான் நிர்வாகங்களிடம் வருகிறேன். இணையவழிப் பாடங்களுக்கான மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-ல் வந்தது. ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்துவிட்டது. இனி இணையவழி என்பது அவசர காலத்து ஏற்பாடு இல்லை. அப்படியிருக்க, ஆசிரியர் பயிற்சியைப் பதவி உயர்வுக்கான சான்றிதழ் சேகரிப்பாகவே பல இடங்களில் நடத்துகிறார்கள். ஒரு வாரம் ஆன்லைனில் உரை கேட்டு, கடைசியில் கருத்துப் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் வந்துவிடுகிறது. அந்த ஆசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் நாக் தர மதிப்பீட்டு வேலை, தேர்வு வேலை, அட்மிஷன் வேலை என்று இருப்பவர் எழுத்துப்படி எழுதி, ஒரு முதலாண்டு மாணவியைக் கூப்பிட்டுச் சோதித்து, பதினைந்து இடத்தில் திருத்தி, மாலையில் அறுபது குரல்பதிவு கேட்பது எப்போது?

நேரத்தைக் கொடுங்கள். ஓர் ஆசிரியர் முதல் தடவையாக ஒரு பாடத்தை இணையவழியில் நடத்தும் பருவத்தில் அவருக்கு ஒரு நேரடி வகுப்பைக் குறைத்துவிடுங்கள். மாணவர்களின் சந்தேகத்துக்கு உட்காரும் நேரத்தைக் கால அட்டவணையில் எழுதி, அதையும் பணிச்சுமையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். எழுத்துப்படியைப் படித்துச் சோதித்துக் கொடுக்கிற மாணவர்களுக்கு ஒரு சிறு தொகை கொடுங்கள், பாடத்தின் கடைசியில் அவர்கள் பெயரையும் போடுங்கள். பயிற்சியை ஒரு வாரத்தில் அடைக்காமல் ஒரு பருவம் முழுக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று நடத்துங்கள். முதல் இரண்டு மாதம் ஆசிரியர்கள் மாணவர்களாக இருக்கட்டும். அதற்கு அடுத்த மாதம் ஒரே ஒரு பத்து நிமிடப் பாடம் எழுதட்டும், ஒன்றே ஒன்று. அதை அவர்கள் கல்லூரிப் பிள்ளைகளே கைப்பேசியில் செய்துபார்த்துச் சொல்லட்டும். இப்படி நடத்தச் சம்மதிக்கிற கல்லூரி எந்த ஊரில் இருந்தாலும் நான் பஸ் ஏறி வருகிறேன்.